திறப்பு விழாவில் வந்த நெஞ்சு வலி

அம்மா,

நம் தோட்டத்துப் புது டிஸ்பென்சரியின் பெயிண்ட் வாசனை இன்னும் போகவில்லை. இன்று தம்பிக்கு இருமல் மருந்து வாங்கப் போனபோது அது மூக்கில் ஏறியது. கூடவே கோபமும் ஏறியது.

போன வருஷம் இதே இடத்தில், பழைய கட்டடத்தின் வாசலில் நீ உட்கார்ந்திருந்தாய். மலையில் தேயிலைக் கொழுந்து பறிக்கும்போதே வலி வந்து, கூடையைக்கூட இறக்காமல் நடந்து வந்தாயாம். பள்ளிக்கூடத்திலிருந்து நான் ஓடி வந்தபோது உன் தலையெல்லாம் வேர்வை. "நெஞ்சு வலிக்குதுங்க, கை வரைக்கும் இழுக்குதுங்க" என்றாய். டாக்டர் இல்லாத தோட்டத்தில் மாத்திரை கொடுப்பவர்தான் டாக்டர் ஐயா. அவர் உன்னைத் தொடவே இல்லை. "திங்காம வேலைக்கு வந்தா வயித்துல கேஸ்தான் புடிக்கும். இதப் போட்டுக்கிட்டுப் படு" என்றார்.

நீ சுருண்டு விழுந்த பிறகு, லொறி கேட்டு, தோட்டத்தை நடத்தும் துரையிடம் ஓடினேன். "கொழுந்து வாடிரும். ஃபெக்டரியில எறக்கிட்டு வந்து ஏத்தட்டும்" என்றார். லொறி திரும்பி வந்து, பதுளை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் என் மடியிலேயே நீ அடங்கிவிட்டாய். தம்பியைப் பார்க்க ஆளில்லாததால் பிறகு நான் பள்ளிக்கூடம் போகவில்லை.

இந்த வருஷம் புதுக் கட்டடம் கட்டினார்கள். டாக்டர் மட்டும் வரவில்லை. திறந்து வைக்கக் கொழும்பிலிருந்து ஒரு பெரிய மனிதர் வந்தார். போட்டோவுக்கு ஒரு நோயாளி தேவைப்பட்டது. "அந்தப் புள்ளயப் படுக்க வைங்க. வாயில கொழுக்கட்டை வச்ச மாதிரி கம்முன்னு கெடக்கும்" என்று என்னைக் காட்டினார் தோட்டத் தலைவர். வீட்டுக்கு யாராவது வந்தால் நான் உன் முதுகுக்குப் பின்னால் ஒளிவேனே. "எம் மகளுக்குப் பேச்ச கடையிலதான் வாங்கணும்" என்று சிரிப்பாயே.

கொழும்புப் பெரியவர் டாக்டர் குழாயைக் காதில் மாட்டிக்கொண்டு குனிந்தார். கமெரா மின்னியது.

"நெஞ்சு வலிக்குதுங்க. கை வரைக்கும் இழுக்குதுங்க" என்றேன்.

சிரித்தார்கள். இன்னும் சத்தமாகச் சொன்னேன். டாக்டர் ஐயாவின் முகம் வெளுத்தது. "கேஸ் மாத்திரை குடுங்க ஐயா, எங்கம்மாவுக்குக் குடுத்தீங்களே" என்றேன். உன்னோடு கொழுந்து பறித்தவர்கள் வெளியே கத்தத் தொடங்கினார்கள்: "டாக்டர் எங்க? டாக்டரக் கூப்புடுங்க!"

"சும்மா நடிக்குதுங்க" என்றார் துரை.

"செத்துகித்துத் தொலைஞ்சா பேப்பர்ல எம் பேருதான் வரும். என் ஜீப்புல ஏத்துங்கய்யா!" என்று கத்தினார் பெரியவர்.

"தொரையும் வந்தாத்தான் போவேன்" என்றேன்.

வந்தார். குழி விழுந்த ரோட்டில் அவர் தலை கண்ணாடியில் இடித்துக்கொண்டே இருந்தது. நீ அடங்கிய வளைவு வந்ததும், "இங்கதாங்க எங்கம்மா செத்துச்சு. பாருங்க" என்றேன். அவர் வேறு பக்கம் திரும்பினார். பார்க்கும் வரை சொல்லிக்கொண்டே இருந்தேன்.

பதுளையில் யாழ்ப்பாணத்து டாக்டரம்மா என் நெஞ்சைச் சோதித்தார். "ஒண்டும் இல்லையே பிள்ளை. ஆருக்கு நெஞ்சு நோ?"

"எங்கம்மாவுக்கு" என்றேன். அவர் துரையைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும்.

இப்போது புதன்கிழமைகளில் ஒரு டாக்டர் வருகிறார். தோட்டத்தில் சிலர் என்னை நடிகை என்கிறார்கள். நீ இருந்தால் "விட்டுரு புள்ள" என்பாய். விடமாட்டேன் அம்மா. போன புதன் டாக்டர் வரவில்லை. துரை பங்களா வாசலில் போய் நின்றேன். நெஞ்சில் கையை வைத்தேன்.

அவர் போனை எடுத்தார்.