புதுக் கேமராவுக்கு ஒரு கையெழுத்து

கண்மணிக்கு,

நான் சௌக்கியம். உன் முதுகுவலி தேவலையா? பாப்பா அழாமல் பள்ளிக்கூடம் போகிறாளா?

நடுத்தர விலையில் புது டிஎஸ்எல்ஆர் கேமரா ஒன்றை அறிவித்திருக்கிறார்கள். ஸ்டுடியோ முதலாளி, "நானே வாங்கித் தர்றேன், இன்னும் ரெண்டு வருஷம் இங்கேயே வேலை பார்க்கிறதா ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டுடு" என்கிறார். என் கிழட்டுக் கேமராவில் பத்துக்கு மூன்று படம் மங்கல், ஆசையாகத்தான் இருக்கிறது. நாள் முழுக்க ஊராருக்குப் பாஸ்போர்ட் படம் எடுக்கிறேன். என் பாஸ்போர்ட் அவர் டிராயரில் பத்திரமாக இருக்கிறது, கவலைப்படாதே.

"வீட்ல கேட்டுச் சொல்றேன் சார்" என்று தப்பித்து வந்திருக்கிறேன். அதனால் பதிலில், "கேமராவும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம், கிளம்பி வாங்க" என்று கொட்டை எழுத்தில் எழுது. அவரிடம் காட்டத்தான்.

படமெடுக்க ஆள் வந்துவிட்டது, முடிக்கிறேன். உனக்கே அப்படித் தோன்றினால் இரண்டு தடவை எழுது.