விளம்பரத்தில் அணைந்த டிவி

எங்கள் வீட்டு மகாராணிக்கு வணக்கம்.

நான் நலம். முட்டியில் மட்டும் சின்னச் சிராய்ப்பு, அம்மாவிடம் சொல்லாதே. அம்மாவின் கால்வலி தேவலையா? நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

செல்போன் கோபுரம் நடும் இந்த இடத்தில் கரண்ட் கிடையாது. ஜீப்புக்குப் பின்னால் கட்டி இழுத்துவந்த டிரெய்லர்தான் எங்கள் ஐந்து பேருக்கும் வீடு. நேற்று சாயங்காலம், நம் சீரியலில் மாமியார் உண்மையைச் சொல்லும் நாளாயிற்றே என்று, ஜீப் பேட்டரியில் இன்வெர்ட்டர் வைத்து டிவியை ஓட்டினோம். எங்கள் டிரைவர் எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர். "விளம்பரத்துக்கெல்லாம் சார்ஜை வீணாக்கலாமா?" என்று இடைவேளைக்கு இடைவேளை அணைத்துவிட்டார். கடைசியாகப் போட்டபோது மாமியார் பேசி முடித்திருந்தாள், குடும்பமே அழுதுகொண்டிருந்தது. "என்னதான்யா சொன்னா?" என்று நாங்கள் கத்தும்போதே பேட்டரியும் உயிரை விட்டது.

காலையில் ஜீப் கிளம்பவில்லை. சேற்றில் நாலு பேர் தள்ளினோம். டிரைவர் மட்டும் சீட்டில் சாய்ந்துகொண்டு, "தம் கட்டித் தள்ளுங்கப்பா!" என்றார். ஜீப் திடீரென்று பாய்ந்தது. நான் அங்கேயே குப்புற விழுந்தேன்.

பேன்ட் கிழிந்துவிட்டது, ஊசியும் கறுப்பு நூலும் அனுப்பு. மழை வருகிறது, துணியை எடுக்க ஓட வேண்டும். மாமியார் சொன்னதை உடனே எழுது. கதையை மட்டும் எழுதிவிடாதே. நடுநடுவே நீ அவளைத் திட்டுவாயே, அதையும் விடாமல் எழுது. இங்கே ஐந்து பேர் உட்கார்ந்து பார்த்தும் ஒருவருக்கும் அப்படித் திட்ட வரவில்லை.

உன் வீட்டுக்காரன்