நிறுத்து என்ற பொத்தான்

அன்புள்ள வாண்டுக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. வலி குறைந்ததும் வாய் கூடியிருக்கிறது. அம்மா உன் அறைக்குப் புதுத் திரை தைத்துப் போட்டிருக்கிறாள். நீ போய் நாலு மாதமாகிறது, யாருக்குத் திரை என்று தெரியவில்லை. என் அறைத் திரை கிழிந்து இரண்டு வருடமாகிறது.

வேலையை விடப்போவதாக நீ எழுதியதை அம்மா நேற்று படித்துக் காட்டினாள். கண் மருத்துவமனையில் நடந்த குளறுபடிக்குத் தலைமை அலுவலகத்தில் எல்லோர் முன்னாலும் உன்னை நிற்கவைத்துக் கேட்டார்களாமே. "எனக்கு இந்த வேலைக்குத் தகுதி இல்லம்மா" என்று எழுதியிருந்தாய். அதைப் படிக்கும்போது அம்மாவின் குரல் உடைந்தது. அதனால்தான் இந்தக் கடிதம். போனில் என்றால் நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

கணினியில் மென்பொருளை ஏற்றித் தரும் அந்த இன்ஸ்டாலர் வேலையில் எட்டு மாதம் நான் பட்ட பாடு உனக்குத் தெரியும். மருத்துவமனைக்காரர்கள் நாலு மென்பொருளைத் தனித்தனியாக ஏற்றி அவதிப்பட்டார்கள். அந்த நாலையும் ஒரே மூட்டையாகக் கட்டி, எது முதலில் ஏறவேண்டும், பாதியில் ஒன்று கெட்டால் மற்றதை எப்படி இறக்கவேண்டும் என்று உள்வேலை முழுவதையும் நான் செய்தேன். வெளியே கணினியில் தெரிந்தது ஒரு சாம்பல் நிறப் பெட்டியும், வேலை எவ்வளவு முடிந்தது என்று காட்டும் ஒரு கோடும்தான். கடைசி ஆறு வாரத்தில் நீ வந்தாய். அந்தப் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு, சொந்தமாக ஒரு முகம் செய்தாய். "இப்போது நோயாளிகளின் பதிவேட்டைப் புதுப்பிக்கிறேன், மூன்று நிமிடம் ஆகும்" என்று மனுஷன் மாதிரிப் பேசும் ஜன்னல்.

நம் அலுவலகத்தில் அதை எல்லோருக்கும் செய்துகாட்டிய அன்று கைதட்டினார்களே, நினைவிருக்கிறதா? மேலாளர் உன் தோளைத் தட்டிவிட்டு என் பக்கம் திரும்பி, "நீங்களும் இதுல இருந்தீங்களா?" என்றார். நான் சிரித்தேன். வீட்டுக்கு வந்தால், அப்பா எதிர்வீட்டுக்காரரிடம் போனில் படம் காட்டி, "சின்னவ செஞ்சது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளுக்குள் எரிந்தது, வாண்டு. சின்ன வயதில் நீ என் சட்டையைப் போட்டுக்கொண்டால் எரியுமே, அது போல இல்லை. அது உடனே அணைந்துவிடும்.

இனி எழுதப்போவதை உட்கார்ந்து படி.

செய்துகாட்டுவதற்கு இரண்டு நாள் முன்பே உன் ஜன்னலில் ஒரு பிழையைப் பார்த்துவிட்டேன். 'நிறுத்து' பொத்தானை அழுத்தினால் உன் ஜன்னல் மூடிக்கொண்டது. ஆனால் நிறுத்தச் சொல்லி உள்ளே இருந்த என் பகுதிக்குத் தகவல் போகவில்லை. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. இதைச் சொல்லத்தான் உன் மேஜைக்கு வந்தேன். உன்னைச் சுற்றி நாலு பேர் நின்று, "வண்ணம் என்னமா அமைஞ்சிருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். திரும்பிப் போய்விட்டேன். எல்லோர் முன்னாலும் யாராவது அதை அழுத்தட்டும் என்று நினைத்தேன். யாரும் அழுத்தவில்லை. உனக்குத் தலைமை அலுவலகத்தில் இடம் கிடைத்தது. நான் வாயைத் திறக்கவே இல்லை.

போன மாதம் கண் மருத்துவமனை வரவேற்பில் இருக்கும் பெண்மணி அதை அழுத்தினார். நோயாளிகள் வந்துவிட்டார்கள், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று. ஜன்னல் மூடியது, நின்றுவிட்டது என்று நம்பிக் கணினியை அணைத்துவிட்டார். பதிவேடு பாதியில் அறுந்தது. நோயாளிகளுக்குக் கொடுத்திருந்த மூன்று வாரத்துக்கான நேரக்குறிப்புகள் போயின. கண்புரை ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியிருந்த ஒரு பெரியவர் இரண்டு முறை வந்து திரும்பிப் போனார். என்னைத்தான் சரிசெய்ய அனுப்பினார்கள். அந்தப் பெண்மணியோடு உட்கார்ந்து, காகிதச் சீட்டுகளைப் பார்த்து ஒவ்வொருவருக்காகப் போன் செய்தேன்.

கிளம்பும்போது அவர் என்ன சொன்னார் தெரியுமா? "எல்லாத்தையும் மாத்துங்கம்மா, அந்த ஜன்னல மட்டும் மாத்திடாதீங்க. மூணு நிமிஷம்னா மூணு நிமிஷம்னு சொல்லுது. முன்னாடியெல்லாம் அந்தக் கோட்டப் பாத்துக்கிட்டு பயந்துபோய் உக்காந்திருப்பேன்." அவ்வளவு நடந்த பிறகும் உன்னைத்தான் பாராட்டினார். பேருந்து நிறுத்தம் வரை பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன்.

உன் மேல் பழி விழுந்தது என்று தெரிந்தும் ஒன்பது நாள் சும்மா இருந்தேன். இன்று காலை மேலாளரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். பிறகு, "தெரிஞ்சும் சும்மா இருந்தீங்களா? அதுவும் சொந்தத் தங்கச்சி விஷயத்துல?" என்றார். என் முன்னாலேயே தலைமை அலுவலகத்துக்கு எழுதினார். அடுத்த வேலையை என் பொறுப்பில் விடுவதாக இருந்தார்கள், இனி அது இல்லை. அதைக் கேட்டபோது வலிக்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன்.

பிழையைத் திருத்த நிரலில் பதினான்கு வரிதான் ஆயிற்று. அதற்காக நீ எழுதியது முழுவதையும் முதல் தடவையாகப் படித்தேன். நன்றாக இருக்கிறது. தகுதி இல்லாதவள் எழுதியது இல்லை அது. எனக்கு அப்படி எழுத வராது. இதை எழுதும்போதும் அந்த எரிச்சல் போகவில்லை. போய்விட்டது என்று சொன்னால் நீ நம்பவும் மாட்டாய்.

என்னை மன்னிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. உனக்குத் தோன்றும்போது பேசு, தோன்றாவிட்டால் வேண்டாம். ஆனால் வேலையை மட்டும் விடாதே. நாளைக் காலை நிமிர்ந்து உள்ளே போய் உன் நாற்காலியில் உட்கார். வேளாவேளைக்குச் சாப்பிடு. அம்மாவுக்கு எழுதும்போது நான் எப்படி இருக்கிறேன் என்று ஒரு வரி கேள், போதும்.

நீ அங்கே நன்றாக இருக்கவேண்டும்.

திட்டியே பழகி, இந்த முறை திட்டு வாங்கக் காத்திருக்கும்
உன் அக்கா