போஞ்சிப் பாத்தியில் ஊற்றிய தண்ணீர்

பிடிவாதக்காரத் தம்பி முத்துவுக்கு,

நம் லயத்து வீட்டுக்குப் பின்னால் நீ போட்ட போஞ்சிப் பாத்தியை யார் பார்க்கிறார்கள் என்றுதான் முதலில் கேட்பாய். எங்களைப் பற்றியா கேட்கப்போகிறாய்? அம்மாதான் பார்க்கிறாள். தேயிலைக் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்ததும் கூடையை இறக்கிவிட்டு, வாளியோடு பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போகிறாள். தேத்தண்ணிகூட அப்புறம்தான்.

மழை பிடிக்கும் வரை அது சரிதான். நீ விதை ஊன்றிய கொஞ்ச நாளில் பாத்தி கட்டாந்தரையாகிவிட்டது, அம்மா ஊற்றித்தான் கொடி ஏறியது. ஆனால் ஐப்பசி மழை கொட்டத் தொடங்கிய பிறகும் அவள் விடவில்லை. சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மழையிலேயே தண்ணீர் ஊற்றினாள். பக்கத்துக் காம்பராக்காரர்கள் சிரித்தார்கள்.

எனக்குக் காரணம் தெரியும். பதுளை ஆஸ்பத்திரியில் உன் வயிற்றில் ஒப்பரேஷன் செய்த பிறகு, ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கொடுக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நீ கேட்டுக்கொண்டே இருந்தாய். அம்மா ஈரத்துணியால் உன் உதட்டைத் துடைத்தாளே தவிர, கொடுக்கவில்லை. கேட்டபடியே போய்விட்டாய். அதில் யார் மேலும் தப்பில்லை என்று அம்மாவிடம் எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். சொன்னால் கேட்கிற குடும்பமா நம்முடையது?

கொடியின் இலைகள் மஞ்சளாயின. அம்மா அதைப் பார்த்துவிட்டு, "புள்ளைக்குத் தாகம் அடங்கல" என்று இன்னொரு வாளி ஊற்றினாள். பாணுக்கும் மாவுக்கும் பசறையில் கியூவில் நிற்கிற காலம், அந்தப் போஞ்சி எங்களுக்கு வேண்டும். ஆனால் என் பயம் வேறு. நீ கையால் ஊன்றிய கொடி செத்தால், அதையும் தானே கொன்றதாக அம்மா முடிவு கட்டிவிடுவாள்.

வாய்ப்பேச்சு எடுபடாது என்று மூன்று ஜாம் போத்தல்களை எடுத்தேன். நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் சொல்லிக் கொடுப்பதால் வீட்டுக்குக் கிடைக்கிற பிரயோசனம் அவ்வளவுதான். ஒன்றில் அடுப்பங்கரை ஓரத்துக் காய்ந்த மண். இன்னொன்றில் பிடித்தால் கொழுக்கட்டையாய் நிற்கிற ஈரமண். மூன்றாவதில் உன் பாத்திச் சேறு. அம்மாவின் வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்து, தெளிந்த நீரைக் குட்டிக் கிண்ணங்களில் ஊற்றி உள்ளே வைத்து, இறுக மூடினேன்.

மறுநாள் ஈரமண் போத்தலில் சுண்ணாம்பு நீர் பாலாக வெளுத்திருந்தது. மற்ற இரண்டிலும் மேலே லேசான ஆடை மட்டும்.

"என்னாடி இது?" என்றாள் அம்மா.

"மண்ணுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத உசிருங்க இருக்கும்மா. சருகு, சாணியெல்லாம் தின்னுட்டு நம்மள மாதிரிதான் மூச்சு விடும். அந்தக் காத்துதான் சுண்ணாம்பை வெளுக்க வச்சிருக்கு. அதுங்க தின்னு செரிச்சாத்தான் செடிக்கும் சாப்பாடு."

பாடத்தில் நுண்ணங்கி, காபனீரொட்சைட்டு என்று எழுதிப் போடுவேன். அம்மாவிடம் எழுதிப் போட்டால் பலகை என் தலையில் விழும்.

"காஞ்சதுல?"

"தூங்குது. மழை விழுந்தா ஒரேயடியா முழிச்சிக்கிட்டு மூச்சு விடும்."

"சேத்துல?"

"காத்து நிக்கிற எடமெல்லாம் தண்ணி. வேருக்கும் மூச்சு முட்டுது, உசிருங்களுக்கும் முட்டுது. அதான் எல மஞ்சளாவுது."

அம்மா போத்தலைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"அப்ப கேக்குதேன்னு குடுத்தாலும் கெடுதல்தானா? அன்னிக்கு டாக்டர் சொன்னதும் இதானா?"

மண் வேறு, வயிறு வேறு. சயன்ஸ் டீச்சருக்கு அது தெரியாதா? "ஆமாம்மா, இதேதான்" என்றேன்.

அம்மா அழுதாள் முத்து. உன் சாவு வீட்டில்கூட அப்படி அழவில்லை. நானும் அழுதேன்.

மறுநாள் இரண்டு பேருமாகப் பாத்தியைச் சுற்றித் தண்ணீர் வடியக் கான் வெட்டினோம். கீழ்வரிசை போய்விட்டது. மேல்வரிசையில் துளிர் வந்திருக்கிறது. இப்போது அம்மா மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாளியைத் தொடுகிறாள்.

உன் வருசத் திவசத்துக்கு இந்தக் கொடியின் விதையில் காய்த்த போஞ்சியைச் சமைத்துப் படைப்போம். பக்கத்தில் தண்ணீர் வைப்பது அம்மாவாகத்தான் இருப்பாள். செம்பில் வைத்தாலும் சரி, வாளியோடு கொண்டுவந்து வைத்தாலும் சரி, அன்றைக்கு நான் வாயைத் திறக்க மாட்டேன்.

உன்னோடு ஒரே தட்டில் சண்டை போட்டுச் சாப்பிட்ட
அக்கா