நம்ப முடியாத வருமானம் என்று நீக்கப்பட்ட விண்ணப்பங்கள் குறித்து

அனுப்புநர்
குடையும் கைப்பையும் பழுது பார்ப்பவர்,
பேருந்து நிலையம், இரண்டாம் வாசல்.

பெறுநர்
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
மாணவர் உதவித்தொகை இயக்ககம்.

பொருள்: தரவு அறிவியல் இளநிலைப் பட்டப்படிப்பு – உதவித்தொகை – என் மகளின் விண்ணப்பம் ஏற்கப்படாமலும் தள்ளுபடி செய்யப்படாமலும் காணாமல் போனது – மீண்டும் சேர்க்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலகம் முத்திரையிட்டுக் கொடுத்த ஒப்புகைச் சீட்டு (நகல் இணைப்பில்).

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மேற்கண்ட வாசலில் நெடுங்காலமாகக் குடை, பை, ஜிப் பழுது பார்த்து வருகிறேன். என் ஒரே மகள் விடுதியில் தங்கி, தரவு அறிவியல் படிப்பில் முதலாம் ஆண்டை முடித்திருக்கிறாள். அந்த ஆண்டுக் கட்டணத்தை மளிகைக் கடை வைத்திருக்கும் என் மைத்துனர் கட்டினார். அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். மறுபடி போய் அவர் கடை வாசலில் நிற்க எனக்கு முகமில்லை. இரண்டாம் ஆண்டு முதல் படிப்பு முடியும் வரை கட்டணத்தைத் தங்கள் இயக்ககமே ஏற்கும் என்ற அறிவிப்பை நம்பித்தான் மகளை அந்தப் படிப்பில் சேர்த்தேன்.

2. சென்ற ஆண்டு பேருந்துப் படியில் தவறி விழுந்து என் வலது மணிக்கட்டு முறிந்தது. என் தொழிலில் வலது கை இல்லையென்றால் கடையைத் திறப்பதும் ஒன்றுதான், மூடி வைப்பதும் ஒன்றுதான். அந்த ஆண்டு வருமானம் எதுவோ அதையே விண்ணப்பத்தில் எழுதினேன். மைத்துனர் அதைப் பார்த்துவிட்டு, "மாமா, இதப் பாத்தா ஆபீஸ்ல சிரிப்பாங்க. கொஞ்சம் ஏத்திப் போடுங்க" என்றார். இல்லாதவனுக்குத் தருகிற பணத்தை இருக்கிறவன்போல் வேடம் போட்டா கேட்பது என்று நான் அவரைக் கடிந்துகொண்டேன். வருமானச் சான்றுக்காக வீட்டைப் பார்க்க வந்த அதிகாரி அடுக்களையை ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு கேள்வி ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். மகள் தன் பகுதியை நிரப்பிக் கையொப்பமிட்டு அனுப்பியிருந்தாள். வருமானப் பகுதியை நான் நிரப்பி, உறையை ஒட்டி, நேரில் வந்து கொடுத்தேன். அந்தத் தொகையை அவளிடம் காட்டவில்லை.

3. பட்டியல் வெளியானபோது அதில் அவள் பெயர் இல்லை. தள்ளுபடியானவர்கள் பட்டியலிலும் இல்லை. மகளை அழைத்துக்கொண்டு தங்கள் அலுவலக முகப்புக்கு வந்தேன். அங்கிருந்த எழுத்தர் மரியாதையாகத்தான் பேசினார். அவர்மேல் எனக்குக் குறையில்லை. "தள்ளுபடி பண்ணியிருந்தா மேல்முறையீடு பண்ணலாம். சிஸ்டத்துல நீங்க விண்ணப்பிச்சதாவே இல்லையே, நான் என்ன பண்ணட்டும்?" என்றார். ஒப்புகைச் சீட்டைக் காட்டினேன். அவர் முத்திரையைத் தடவிப் பார்த்துவிட்டு, வருமானம் எவ்வளவு போட்டீர்கள் என்று கேட்டார். மகள் பக்கத்தில் இருக்கும்போது அந்தத் தொகையை வாய்விட்டுச் சொல்ல வேண்டியதாயிற்று. எழுத்தர் அதைக் குறித்துக்கொண்டார். என் மகள் கவுண்டரின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு வெளியே போய்ப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

4. அங்கே உட்கார்ந்து அவள் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். முதலாம் ஆண்டு முடிவில் அவள் வகுப்புக்குச் செய்முறைப் பயிற்சியாக, தங்கள் இயக்ககம் உறைகளைப் பிரித்துக் கணினியில் ஏற்றிய விண்ணப்பத் தரவைக் கொடுத்திருக்கிறார்கள். பெயரும் முகவரியும் மறைக்கப்பட்டிருந்தன. அன்று அவள் தொலைபேசியில், "அப்பா, நிஜமான தரவு குடுத்திருக்காங்கப்பா!" என்று குதித்தது எனக்கு நினைவிருக்கிறது. தரவைச் சுத்தம் செய்வது என்று ஒரு வேலை இருக்கிறதாம். வயது இருக்க வேண்டிய இடத்தில் தொலைபேசி எண் இருக்கும், ஒரே ஆள் பலமுறை பதிவாகியிருப்பார். அதையெல்லாம் களைந்த பிறகுதான் கணக்குப் போட வேண்டுமாம். வருமானப் பகுதி என் மகளின் பொறுப்பு. சில தொகைகள் மற்றவற்றோடு ஒட்டாமல் அடியில் கிடந்தனவாம். "ஒரு சைபர் விட்டுப்போச்சுன்னு நெனச்சேன்ப்பா. இத வச்சு ஒரு வீடு நடக்க முடியாதுல்ல" என்றாள். இன்ன தொகைக்குக் கீழே இருப்பவை தட்டச்சுப் பிழை என்று காரணம் எழுதி, அவை எல்லாவற்றையும் நீக்கியிருக்கிறாள். ஆசிரியை அதைப் பாராட்டி வகுப்பு முழுவதற்கும் காட்டினாராம். பயிற்சிக்காகச் செய்ததைத் தங்கள் அலுவலகம் திரும்ப வாங்கி, அதை வைத்தே இறுதிப் பட்டியலைத் தயாரித்தது என்பதைக் கல்லூரியில் விசாரித்துத் தெரிந்துகொண்டோம். எங்கள் விண்ணப்பம் அந்த நீக்கத்தில் போயிற்று. எங்களைப் போல இன்னும் எத்தனை பேர் என்று கேட்டேன். அவள் என் கையிலிருந்த ஒப்புகைச் சீட்டை வாங்கி மடிக்கத் தொடங்கினாள்.

5. ஐயா, உதவி தேடி வந்தவர்களில் ஆகக் கீழே இருப்பவர்கள் யாரோ, அவர்களைப் பிழை என்று கழித்துவிட்டு மீதியில் ஏழைகளைத் தேடியிருக்கிறது தங்கள் இயக்ககம். இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. முதலாம் ஆண்டு மாணவி ஒருத்தி பயிற்சியில் எழுதிய ஒரு கட்டளைக்குப் பிறகு, சம்பளம் வாங்கும் ஒருவர்கூட ஓர் உறையை மறுபடி பிரித்துப் பார்க்கவில்லை. என் உறை அங்கேதான் இருக்கிறது, முத்திரையும் தங்களுடையதுதான்.

6. நான் மறுபடி போனபோது எழுத்தர் பரிவோடு ஒரு யோசனை சொன்னார். "அடுத்த வருஷம் புதுசா விண்ணப்பம் போடுங்க. ஆனா நம்புற மாதிரி ஒரு தொகை போடுங்க." எலும்பு கூடிவிட்டதே தவிர மணிக்கட்டு முழுதாய் மடங்கவில்லை. குடைக் கம்பியை வளைக்க முடிவதில்லை, ஜிப் மட்டும் மாற்றுகிறேன். ஆகவே இந்த ஆண்டு வருமானம் அதைவிடவும் குறைவு. அதற்கான சான்றையும் இணைத்திருக்கிறேன். நம்பும்படியான தொகை எதுவென்று தாங்களே சொன்னால், அதைச் சம்பாதிக்க முயற்சி செய்கிறேன்.

7. மகள் இப்போது வகுப்புக்குப் போவதில்லை. எங்கள் தெரு முனையில் மருந்துக் கடையில் பில் போடுகிறாள். படிப்பைப் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிறாள். அவள் அம்மா அவள் பாடப் புத்தகங்களைத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறாள், கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று. இந்த மாதம் முடிவதற்குள் கட்டணம் வராவிட்டால் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவோம் என்று கல்லூரி எழுதியிருக்கிறது.

8. ஆகவே நான் கேட்பது: மேற்படி நீக்கத்தில் போன எல்லா விண்ணப்பங்களையும் மறுபடி உறை பிரித்துப் பார்த்து மீண்டும் சேர்க்க வேண்டும். என் மகளுடையதை மட்டும் சேர்த்தால் அவள் வாங்கமாட்டாள்; கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அதுவரை இடத்தை நிறுத்தி வைக்கும்படி கல்லூரிக்கு ஒரு வரி எழுத வேண்டும். இனி ஒரு தொகை நம்ப முடியாததாகத் தோன்றினால், நீக்குவதற்கு முன் அதை எழுதியவரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். நான் பகல் முழுக்க இரண்டாம் வாசலில்தான் இருப்பேன். இதற்காக அந்த ஆசிரியையின் மேலோ மாணவர்கள் மேலோ நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

தாங்கள் மறுபடி ஒருமுறை அந்த உறையைப் பிரிப்பீர்கள் என்ற நம்பிக்கையில்,

நாள்: மாதம் முடியும் வாரத்தின் திங்கள்
இடம்: கடை

(கையொப்பம், இடது கையால்)
மாணவியின் தந்தை

கையால் எழுதிச் சேர்த்தது:

ஐயா, நான் சொல்லச் சொல்ல இந்த மனுவைத் தட்டச்சு செய்தவள் என் மகள்தான். அச்செடுத்து வாசித்தபோது நான்காம் பத்தியின் முடிவில் நான் சொன்ன சில வாக்கியங்களைக் காணவில்லை. கேட்டேன். "அது வேணாம்ப்பா. சாக்கு சொல்ற மாதிரி இருக்கு" என்றாள். அவள் நீக்கியதை நான் இங்கே சேர்க்கிறேன்.

கை முறிந்ததை அவளிடம் சுளுக்கு என்று சொன்னோம். அவள் விடுமுறைக்கு வருகிற அன்று மைத்துனர் கடையிலிருந்து சாமான் வாங்கி அடுக்களை டப்பாக்களை எல்லாம் நிரப்பி வைப்போம். அவள் பேருந்து ஏறியதும், செலவானது போக மீதியை அவரே வந்து எடுத்துப் போவார். அவள் எங்கள் வீட்டைப் பார்த்துத்தான் ஒரு வீடு நடக்க எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போட்டாள். நாங்கள் காட்டிய வீட்டுக்கு அவள் கணக்கு சரிதான்.