தொண்ணூற்றைந்துக்குக் கீழே

மார்ச் 3, திங்கள்
சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. ஹவுஸ் ஓனர் நாளைக்கு ஆள் அனுப்புகிறாராம். பார்ப்போம்.
மதியம் கேன்டீனில் தோழி குருவி என் டப்பாவை எட்டிப் பார்த்தாள். "இன்னைக்கும் வெறும் பிரெட்டா? ஒருத்திக்குன்னா சமைக்கக் கூடாதாடி?" தன்னுடையதில் பாதியை என் பக்கம் தள்ளினாள். கணவர் விட்டுப் போனதற்கு அப்புறம் என்னை 'டி' போட்டுக் கூப்பிட இவள் ஒருத்திதான் இருக்கிறாள். மாத்திரை தயாரிக்கும் பிரிவுக்கு அவள் சூப்பர்வைசர். நான் பரிசோதனைக்கூடம்.

மார்ச் 5
குருவியின் பிரிவிலிருந்து புதுத் தொகுதி வந்தது, ஒரு லட்சம் மாத்திரை. இதய நோயாளிகளுக்கான மாத்திரை. மருந்தின் அளவு சராசரியாகத் தொண்ணூற்றைந்து சதவீதத்துக்குக் குறையக் கூடாது. பத்து மாத்திரையைச் சோதித்தேன். சராசரி 96.2. ஆனால் பத்தை வைத்து ஒரு லட்சத்துக்கு எப்படிச் சத்தியம் பண்ணுவது? நம்பிக்கை இடைவெளி, அதாவது உண்மையான சராசரி எதற்கும் எதற்கும் நடுவில் இருக்கலாம் என்ற கணக்கு, போட்டுப் பார்த்தேன். மொத்தத் தொகுதியின் உண்மையான சராசரி 94.1 ஆகவும் இருக்கலாம், 98.3 ஆகவும் இருக்கலாம். கீழ்முனை தொண்ணூற்றைந்து என்ற கோட்டுக்குக் கீழே நிற்கிறது.
கையெழுத்துப் போடவில்லை. இன்னும் முப்பது மாத்திரை கேட்டிருக்கிறேன்.

மார்ச் 6
மேனேஜர் கத்தினார். "சராசரி உள்ளேதானே இருக்கு? லாரி வாசல்ல நிக்குது!" அவர் கத்தினது பெரிசில்லை. குருவி பக்கத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் போனதும் சொன்னாள்: "மாத்திரை நல்ல மாத்திரைதான். எனக்குப் புரமோஷன் வர்ற நேரம் பார்த்துக் காலை வாரிட்டீங்களே, மேடம்."
மேடம்!

மார்ச் 7
தனியாகச் சாப்பிட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு
அண்ணன் போன். எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. "கொஞ்சம் விட்டுக்கொடுத்தா என்ன? அங்கேயும் இப்படித்தான் புடிச்ச புடியா நின்னே" என்றான். அங்கே என்றால் என் கல்யாணம்.
அதுவும் இதுவும் ஒண்ணா? அளவு நிஜமாவே குறைஞ்சிருந்தா? எங்கேயோ ஒருத்தர் இந்த மாத்திரையை நம்பி முழுங்கிட்டு நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு உக்காந்தா, அப்போ யார் விட்டுக்கொடுக்கிறது?
குழாய்க்கு ஆள் வரவேயில்லை. சொட்டுச் சத்தம் மட்டும் துணைக்கு.

மார்ச் 11
மொத்தம் நாற்பது. இடைவெளி சுருங்கிவிட்டது: 95.7 முதல் 97.5 வரை. முழுக்கக் கோட்டுக்கு மேலே. மாத்திரை நல்ல மாத்திரை. கையெழுத்துப் போட்டுவிட்டு நானே ஓடிப்போய்க் குருவியிடம் சொன்னேன்.
"இதைத்தானே நான் அன்னைக்கே சொன்னேன்" என்றாள், திரும்பிக்கூடப் பார்க்காமல்.
சொன்னாள்தான். ஆனால் அன்றைக்கு அது அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது — இதை எந்த வாயால் சொல்வது? பாத்ரூமில் போய் அழுதேன்.

மார்ச் 20
புரமோஷன் வேறு யாருக்கோ. லாரி தாமதமானதுதான் காரணமாம்.

மார்ச் 28
இன்று முழுக்க யாரோடும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து கூப்பிட்டுப் பார்த்தேன், என் பெயரையே. குரல் கரகரவென்று வந்தது.

ஏப்ரல் 2
அடுத்த தொகுதி. மாதிரியை எப்போதும் ஆள் மூலம்தான் கொடுத்தனுப்புவார்கள். இன்று குருவியே தட்டோடு வந்து நின்றாள். பத்து இல்லை. நாற்பது.
"போதுமா?"
"போதும்டி." வாய் தவறி வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.
வாசல் வரை போனவள் நின்றாள். "ரிசல்ட் எப்படி வந்தாலும் சரி, நீயே வந்து சொல்லு."
'நீயே' என்றுதான் சொன்னாள். எனக்கு நன்றாகக் கேட்டது.