முட்டைக்குள் கேட்ட குரல்

அன்புள்ள அயால்,

லேனா ஆற்றில் பனி உடைந்துவிட்டதா? உன் முதுகுவலி தேவலையா? நம் மகள் குன்னேய் இன்னும் இருமுகிறாளா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

இங்கே பண்ணையில் பெருங்கொக்குக் குஞ்சுகளை வளர்ப்பவர்கள் வெள்ளை அங்கியும் கையில் பொம்மை அலகும் மாட்டிக்கொண்டு ஊமையாகத் திரிய வேண்டும். மனிதக் குரலுக்குப் பழகிய குஞ்சு காட்டுக்கு ஆகாது. நானோ பேச ஆளில்லாமல், பொரிப்புப் பெட்டியில் இருந்த முட்டையிடம் நம் சகா மொழியில் பேசிக்கொண்டிருந்துவிட்டேன். முட்டைக்குள்ளேயே அதற்குக் காது கேட்குமாம். நேற்று வாசலில் கால் இடறி "ஐயோ" என்றேன். அந்த முட்டையில் பொரிந்த குஞ்சு பொம்மை அலகை விட்டுவிட்டு என்னிடம் ஓடிவந்தது.

"உன்னைத்தான் அம்மான்னு நினைக்குது! இனி இது ஆயுசுக்கும் கூண்டுலதான். சந்தோஷமாடி?" என்று மேலாளர் கலீனா என்னை வெளியே இழுத்துப்போய்க் கத்தினாள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது, போ.

உலர்ந்த மீன் கொஞ்சம் அனுப்பு. கம்பளிக் காலுறையும். ஞாயிற்றுக்கிழமை நான் போனில் கூப்பிட்டதும் குன்னேய், "அப்பா, யாரோ பேசுறாங்க" என்று உன்னிடம் கொடுத்துவிட்டாளே, நீயும் சிரித்தாயே. வயிற்றில் இருந்தபோது அவளிடமும் நான் ஓயாமல் பேசினேன் என்று அவளிடம் சொல்.

வேலைக்கு மணி அடிக்கிறது. இனி வாய் திறக்கக் கூடாது.

துயாரா